அக்கரையில் நடந்த இன ஏலம்

2024 நவம்பர் 15 காலை. இலங்கை நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வரத் தொடங்கியதும் ராமேசுவரம், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் எல்லார் போனிலும் ஒரே செய்திதான் சுற்றியது. யாழ்ப்பாணம் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலிடம். ஆறு இடத்தில் மூன்று இடம். தெற்கிலிருந்து வந்த, சிங்களத் தலைமை கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை.

டீக்கடையில் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு பக்கம், "இனி அங்கே இனமெல்லாம் கிடையாது, சனங்க திருந்திட்டாங்க." இன்னொரு பக்கம், "நம்மாளுங்க ஏமாந்துட்டாங்க." எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். எங்கள் மாவட்டத் தலைநகரம் அதைவிடத் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அக்கரையை இப்படி இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இன அரசியல் எப்படி உருவாகிறது, ஏன் அது அவ்வளவு லேசில் போவதில்லை, போக வேண்டுமென்றால் எது மாற வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி வாங்கியது சுமார் 80 ஆயிரம் வாக்கு. பதிவான செல்லுபடி வாக்கில் ஏறக்குறையக் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு தமிழ்க் கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறிப் போனது. கால் பங்கு வாக்குக்குப் பாதி இடம் கிடைத்தது அந்தச் சிதறலால். அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தில் அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க வாங்கியது சுமார் 7 விழுக்காடுதான். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி மறுபடி முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆக, யாழ்ப்பாணத்தார் ஒரு ராத்திரியில் இனத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடவில்லை. பழைய கட்சிகள் மேல் வந்த சலிப்பில் புதியவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள்.

சரி, இன அரசியல் என்றால் என்ன? சிங்களவர் சிங்களவருக்கும் தமிழர் தமிழருக்கும் வாக்களிப்பது மட்டுமென்றால் அதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பாம்பன் தெற்குவாடிக்குக் காலையில் போனால் கண்ணால் பார்க்கலாம். படகு கரைக்கு வந்ததும் மீனைக் கூறு கட்டிக் கொட்டுவார்கள். ஏலக்காரர் ஒரு விலையைச் சொல்லி ஆரம்பிப்பார். ஒருவர் ஐந்நூறு என்றால் அடுத்தவர் ஐந்நூற்று ஐம்பது என்பார். அறுநூறு. அறுநூற்று ஐம்பது. இரண்டு வியாபாரிகளுக்குள் பழைய கடுப்பு ஏதாவது இருந்தால் மீன் என்ன மீன் என்பதே மறந்துபோகும், அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் கரை ஏலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கேட்டவர் தன் மடியிலிருந்து பணம் எடுத்து வைக்க வேண்டும். அதனால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்.

இலங்கையில் ஒரே இனத்தின் வாக்கைக் குறிவைத்து இரண்டு கட்சிகள் மோதியபோது நடந்ததும் ஏலம்தான். ஒரு கட்சி "சிங்களத்துக்கு முதலிடம்" என்றது. அடுத்த கட்சி "சிங்களம் மட்டும்" என்றது. வித்தியாசம் என்னவென்றால், இந்த ஏலத்தில் கேட்டவர் கையிலிருந்து எதுவும் போகவில்லை. விலை வேறொருவர் வீட்டிலிருந்து போனது. அதனால்தான் அது நிற்கவே இல்லை.

இதற்கான மேடை வெள்ளைக்காரன் காலத்திலேயே போடப்பட்டது. 1833ல் சட்ட நிரூபண சபையை ஏற்படுத்தியபோது அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் ஆறு பேர். ஐரோப்பியருக்கு மூன்று இடம், சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, ஐரோப்பிய வழிவந்த கலப்பினத்தவரான பறங்கியருக்கு ஒன்று. இனம் என்பது அரசாங்க நாற்காலியின் பெயராக மாறியது அங்கேதான். நாற்காலி இனத்துக்குத்தான் என்றால், யார் எந்த இனம் என்பது உடனே சண்டையாகும். ஆனது. முஸ்லிம்களுக்குத் தனி இடம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்த 1880களில், பொன்னம்பலம் இராமநாதன் சோனகர்கள் என்று அங்கே அழைக்கப்படும் அந்த முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று வாதாடினார். 1888ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அடுத்த ஆண்டே முஸ்லிம்களுக்குத் தனி இடம் கிடைத்தது. ஆனால் அந்த வாதம் விட்ட வடு ஆறவில்லை. "எங்கள் இடத்தைப் பறிக்கத்தான் எங்களைத் தமிழர் என்கிறார்கள்" என்ற எண்ணம் அவர்களிடம் ஆழமாகப் பதிந்தது.

கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே தொழுதுவிட்டு வந்து தமிழில் கணக்கு எழுதுகிற ஒருவரைத் தமிழரா என்று யாரும் கேட்பதில்லை. அக்கரையில், மன்னாரில் அதே தமிழைப் பேசுகிறவரை மக்கள்தொகைக் கணக்கில் தனி இனமாக, இலங்கைச் சோனகராகப் பதிகிறார்கள். நடுவில் இருக்கிற கடல் ஒன்றுதான், பதிவேட்டில் கட்டங்கள் வேறு. 2012 கணக்குப்படி சிங்களவர் சுமார் 75 விழுக்காடு, இலங்கைத் தமிழர் 11, சோனகர் 9, இந்தியத் தமிழர் 4. இந்தக் கட்டங்கள் ஏதோ கடவுள் போட்ட கோடு போலத் தெரிகின்றன. பாதிக் கோட்டைப் போட்டது நாற்காலிக் கணக்கு.

இனத்தை ஒழித்துவிடலாம் என்ற முதல் முயற்சியும் சீக்கிரமே வந்தது. 1931ல் டொனமூர் சீர்திருத்தம் இனவாரி இடங்களை எடுத்துவிட்டு, ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆசியாவில் வேறெங்கும் அப்போது அப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். காரணம் இனம் இல்லை. சாதிக்கும் இனப் பிரிவினைக்கும் எதிராக நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று புறக்கணிக்கச் சொன்னது. 1927ல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள்தான். இப்படி ஒரு அரசியல் அந்த மண்ணில் இருந்தது என்பதே இன்று பலருக்குத் தெரியாது.

ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து இனத்தை எடுத்ததும் அது மக்கள் மனத்திலிருந்து போய்விடவில்லை. 1936ல் அமைந்த மந்திரி சபையில் எல்லா மந்திரிகளும் சிங்களவர். கட்டங்கள் இல்லாத இடத்தில் எண்ணிக்கை மட்டும்தான் பேசும் என்று தமிழ்த் தலைவர்களுக்குப் புரிந்தது. அதிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலத்தின் "ஐம்பதுக்கு ஐம்பது" கோரிக்கை பிறந்தது: சபையில் பாதி இடம் சிங்களவருக்கு, மீதிப் பாதி சிறுபான்மையினர் எல்லோருக்கும். இனவாரி இடங்களை ஒழித்த சீர்திருத்தமே இன அரசியலுக்கு உரமாகிப்போனது. "இனம் பார்க்காத சட்டம் போட்டால் போதும்" என்று சொல்பவர்கள் இந்த ஐந்து வருஷத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அப்புறம் 1948. சுதந்திரம் வந்த அதே வருஷம், குடியுரிமைச் சட்டம். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. தோட்டங்களில் வேலை பார்த்த சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் வேறு யாருமல்ல. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து கடல் தாண்டியவர்களின் பிள்ளைகள். ஆரம்ப காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு மண்டபத்தில் தொற்றுநோய்க் காப்பு முகாம் வந்தது. குளிப்பாட்டி, ஊசி போட்டு, சில நாள் வைத்திருந்து, தனுஷ்கோடிக்கு அனுப்பி, கப்பல் ஏற்றினார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் 1947 தேர்தலில் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளையும் பல இடங்களில் இடதுசாரிகளையும் வெல்ல வைத்தார்கள். அவர்கள் வாக்குப் போனதில் இனமும் இருந்தது, வர்க்கக் கணக்கும் இருந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் மந்திரியாகப் போய்ச் சேர்ந்தார். அதை ஏற்காமல் அவர் கட்சியிலிருந்து வெளியே வந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நான் பெரிதாக நினைப்பது இதன் பின்விளைவைத்தான். 7 லட்சம் பேரின் வாக்கு வெளியே போனதும் சிங்களக் கட்சிகளுக்குத் தமிழ் வாக்கு தேவைப்படுகிற தொகுதிகள் சட்டென்று குறைந்துவிட்டன. ஏலத்தில் விலையைக் கீழே இழுக்கக்கூடிய ஒரே கை அதுதான். அதையே வெட்டிவிட்டார்கள்.

மண்டபம் அகதி முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார், வயது அறுபதுக்கு மேல். தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். இவர் பிறந்தது மாத்தளையில் ஒரு தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1977 கலவரத்தில் லயத்தை எரித்தபோது குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனார். 1990ல் அங்கும் இருக்க முடியாமல் மன்னாரிலிருந்து படகு ஏறி ராமேசுவரம் வந்தார். காகிதங்களை ஒரு நகைக்கடைப் பையில் மடித்து வைத்திருக்கிறார். ஒருநாள் பாயில் ஒவ்வொன்றாகப் பரப்பிக் காட்டினார். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் இனம் என்று ஒரு கட்டம். அதில் "இந்தியத் தமிழர்". முகாம் அட்டையில் "இலங்கையர்". மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது.

"அங்க இருக்கும்போது இந்தியாக்காரின்னு எழுதுனாங்க தம்பி. இங்க வந்தா சிலோன்காரின்னு எழுதுறாங்க. எங்க தாத்தா ஊருக்கு இங்கேருந்து பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் காகிதங்களைத் திரும்ப அடுக்கும்போது எது முதலில், எது கடைசி என்பதில்தான் அவர் கவனம் இருந்தது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு போட்டார்கள். எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அந்த மக்களின் பிரதிநிதிகளை உட்காரவைத்துக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. இலங்கையில் மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு 2003ல் ஒரு சட்டம் போட்டு முடிவு கட்டினார்கள். அதே வம்சத்தில் அகதியாக இக்கரை வந்தவர்களுக்கு இங்கே இன்னும் வழி பிறக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இலங்கையைப் பார்த்து "இனம் பார்த்துக் குடியுரிமை கொடுக்கிறாயே" என்று நாம் கேட்கும்போது இதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

சரி, ஏலத்துக்கு வருவோம். 1956 தேர்தலில் சுதந்திரக் கட்சித் தலைவர் பண்டாரநாயக்க "24 மணி நேரத்தில் சிங்களம்" என்றார். அதுவரை இருமொழி பேசிக்கொண்டிருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்கு முன் அவசரமாகத் "தனிச் சிங்களம்" என்று மாறியது. இரண்டு கட்சியும் ஒரே கூறுக்கு விலை கேட்டன. பண்டாரநாயக்க ஜெயித்தார். 1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தபோது அடித்து நொறுக்கப்பட்டார்கள்.

ஜெயித்த பிறகு பண்டாரநாயக்கவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. 1957 ஜூலையில் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார். பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், அங்கே சிங்களக் குடியேற்றத்துக்குக் கட்டுப்பாடு. இன்றைக்குப் பார்த்தால் மிகவும் சாதாரணமான விஷயங்கள். எதிர்க்கட்சியில் இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தன உடனே கண்டிக்கு எதிர்ப்பு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு முன்னால் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. அடுத்த மாதமே கலவரம். அடுத்த வருஷம் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்குப் பண்டாரநாயக்கவே பலியானார்.

1965ல் பாத்திரங்கள் இடம் மாறின. இப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார், சுதந்திரக் கட்சி எதிர்த்தது. "டட்லியின் வயிற்றில் மசால் வடை" என்று கோஷம் போட்டு ஊர்வலம் போனார்கள். தமிழர் சாப்பாட்டைத் தின்றுவிட்டார் என்று அர்த்தம். அந்த ஊர்வலங்களில் இடதுசாரிகளும் இருந்தார்கள் என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

ஏனென்றால் இடதுசாரிகள்தான் இனத்தைத் தாண்டிய அரசியலின் நம்பிக்கையாக இருந்தவர்கள். கொல்வின் ஆர். டி சில்வா 1956ல் நாடாளுமன்றத்தில், இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று எச்சரித்தார். எவ்வளவு தீர்க்கமான பேச்சு! அதே கொல்வின், சிறிமாவோ அரசில் அரசியலமைப்பு விவகார மந்திரியாக இருந்து 1972 அரசியலமைப்பை உருவாக்கினார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது அதில் அரசியலமைப்பிலேயே ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. சிறுபான்மையினருக்குப் பாரபட்சம் காட்டும் சட்டங்களைத் தடுத்த பழைய 29ஆம் பிரிவு காணாமல் போனது. கொல்வின் கெட்டவர் ஆகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அதிகாரத்துக்கு வர சிங்கள வாக்கு மட்டும் போதும் என்கிற ஏற்பாட்டுக்குள் நுழைந்தவர் அந்த ஏற்பாட்டுக்கு ஏற்றபடி வளைந்தார். வர்க்கம் பேசுகிற கட்சி இனத்தைத் தானாகத் தாண்டிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அவருடைய கதையைத்தான் சொல்வேன்.

தமிழர் பக்கத்திலும் ஏலம் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் எழுதுவதில் நேர்மை இல்லை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாடு தீர்மானம். 1977ல் அதைச் சொல்லித் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பிறகு தனிநாட்டைவிட மிகக் குறைவான மாவட்ட அபிவிருத்தி சபைகளுக்கு ஒத்துக்கொண்டபோது, அவர் மேடைகளில் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே துரோகி என்றார்கள். 1989ல் புலிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புத்தளம் பக்கம் போய் ஓலைக் குடிசைகளில் விழுந்தார்கள். தமிழர் கொல்லப்பட்ட 1983 ஜூலைக் கலவரத்தை நினைத்துக் கண்கலங்குகிற இந்தக் கரை, அந்த அக்டோபரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும், அவர்களும் நம் மொழி பேசியவர்கள்.

பனைக்குளம், கீழக்கரைக்காரர்கள் மலேசியாவுக்குச் சபுர், அதாவது பிழைப்புத் தேடிப் பயணம், போனவர்கள். அவர்களிடம் கேட்டால் வேறொரு வழியைச் சொல்வார்கள். அங்கே 1952 கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் மலாய்க் கட்சியும் சீனக் கட்சியும் கைகோத்தன. பின்னால் இந்தியர் காங்கிரசும் சேர்ந்து 1955ல் 52 இடங்களில் 51ஐ வென்றார்கள். ஒருவர் வாக்கு மற்றவருக்குத் தேவைப்பட்டதால் விலை கேட்பது கொஞ்சம் அடங்கியது. ஆனால் இனத்துக்கு ஒரு கட்சி என்பதே நிரந்தர ஏற்பாடாகிவிட்டது. 1969 மே 13 கலவரம், 1971 முதல் மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை தரும் புதிய பொருளாதாரக் கொள்கை என்று போய், தோட்டத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட ஏழைத் தமிழரைக் கவனிக்க யாருமில்லை என்ற கோபம் 2007 நவம்பரில் கோலாலம்பூர்த் தெருவில் வெடித்தது. கூரை ஒன்றானாலும் சுவர்கள் அப்படியே இருந்தன.

இலங்கையில் சிறுபான்மை வாக்குக்கு மதிப்பு வந்தது எதிர்பாராத ஒரு வழியில். 1978 அரசியலமைப்பு ஜனாதிபதியை நாடு முழுக்க ஒரே தொகுதியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். சிங்கள வாக்கு இரண்டாகப் பிரிந்தால் தமிழரும் முஸ்லிமும் முடிவு செய்வார்கள். 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன ஜெயித்தது அப்படித்தான். 2019ல் கோத்தபாய 52 விழுக்காட்டோடு வந்தபோது, சிங்கள மக்களின் வாக்கிலேயே ஜெயிக்க முடியும் என்று தனக்குத் தெரியும் என அநுராதபுரத்தில் பதவியேற்ற மேடையிலேயே சொன்னார். 2020ல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடலைக் குடும்பத்தார் கெஞ்சியும் கேட்காமல் எரித்தார்கள். பிறகு உரத் தடை, டாலர் தட்டுப்பாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்ற அறிவிப்பு. அந்த மார்ச்சிலேயே பசிக்குத் தப்பி வந்த குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன.

ஏலத்தின் விலை முதல் தடவையாகக் கேட்டவர் வீட்டுக்கே வந்தது அப்போதுதான். எரிவாயு வரிசையில் சிங்களவரும் நின்றார். "நம்ம ஆளு" என்று வாக்களித்தவரின் பிள்ளைக்கும் பால்மா இல்லை. 2022 மே 18 அன்று, போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டிருந்த காலிமுகத்திடலில், போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்ததை நினைவுபடுத்தும் முள்ளிவாய்க்கால் கஞ்சி ஊற்றி நினைவேந்தல் நடந்தது. சிங்கள இளைஞர்களும் அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். 1956ல் சத்தியாக்கிரகிகளை அடித்த அதே திடல். இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

2024 முடிவு அந்த வரிசையிலிருந்து வந்தது. 225 இடங்களில் 159 தேசிய மக்கள் சக்திக்கு. மலையகத்து நுவரெலியாவில் 8ல் 5, வன்னியில் 6ல் 2. மட்டக்களப்பில் மட்டும் தமிழரசுக் கட்சி 5ல் 3 இடங்களோடு நின்றது. ஆனால் இந்தக் கட்சியின் அடிமரம் மக்கள் விடுதலை முன்னணி எனும் ஜே.வி.பி. அதன் ஆரம்பகால வகுப்புகளில் "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்ற பாடம் இருந்தது. தோட்டத் தமிழரையும் அதன் கருவியாகவே பார்த்தார்கள். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ரத்தம் சிந்தி எதிர்த்தவர்கள். ஒரே மாகாணமாக இணைத்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி 2006ல் உச்ச நீதிமன்றம் போய் வென்றவர்கள். மாறிவிட்டார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். "நாம் எல்லோரும் இலங்கையர்" என்ற வாக்கியம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களுடைய முதல் மந்திரி சபையில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013ல் ஒரே ஒரு தடவை தேர்தல் நடந்தது. 2018ல் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. 1979ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்போம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் போய்விட்டார்கள்.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம் இருக்கும்போது ஏலத்தில் இறங்காமல் இருப்பது சுலபம். நாளைக்கு விலைவாசி ஏறி, எதிர்க்கட்சி ஒன்று "தமிழருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள்" என்று கூறும்போது என்ன செய்வார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குள் மாகாணங்களுக்கு அதிகாரமும், காவல் நிலையத்தில் தமிழில் எழுதிக்கொடுத்தால் தமிழிலேயே பதிலும், ராணுவத்திடமிருக்கிற காணியும் சட்டப்படி வந்து சேர்ந்திருந்தால், அடுத்தவர் விலை கேட்க அங்கே கூறே இருக்காது. சிறுபான்மை மக்களை இனத்தை மறக்கச் சொல்வது இதற்கெல்லாம் முன்னால் கேட்கிற கேள்வி அல்ல. வீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வழக்கை வாபஸ் வாங்கு என்றால் யார் வாங்குவார்?

இவ்வளவும் அக்கரையைப் பற்றி. இக்கரையில் நாமும் ஒரு ஏலம் நடத்திக்கொண்டிருக்கிறோம். மீனவர் பிரச்சினை.

இங்கே எந்த மேடையிலும் அது "தமிழக மீனவர், சிங்களக் கடற்படை" என்ற இரண்டு சொல்லில்தான் பேசப்படுகிறது. சுட்டார்கள், அடித்தார்கள், சிறையில் வைத்தார்கள், படகைப் பறித்தார்கள் என்பதெல்லாம் உண்மை. தங்கச்சிமடத்தில் அதற்குக் கண்ணீர் சிந்தாத தெரு இல்லை. ஆனால் பாதிக் கதையை யாரும் சொல்வதில்லை. போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடைபட்டிருந்த வடக்குத் தமிழ் மீனவர்கள் 2009க்குப் பிறகு வலையோடு கடலுக்கு வந்தபோது, அங்கே நம் விசைப்படகுகள் இழுவை மடி போட்டுக்கொண்டிருந்தன. மடி கடலடியைச் சுரண்டி, இறாலோடு குஞ்சும் குறுமீனும் சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, அள்ளிக்கொண்டு வரும். வழியில் அவர்கள் விரித்த செவுள் வலை இருந்தால் அறுத்துக்கொண்டு போகும். நெடுந்தீவு, பேசாலை ஆட்களுக்கு அந்த வலை கடன் வாங்கி வாங்கியது.

இலங்கையில் இழுவை மடிக்கு 2017ல் வந்த தடைச் சட்டம் ஒரு தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர், சுமந்திரன், கொண்டுவந்த தனிநபர் மசோதா. 2019 இறுதிக்குப் பிறகு மீன்வள மந்திரியாக இருந்தவர் டக்ளஸ் தேவானந்தா. 2024க்குப் பிறகு ராமலிங்கம் சந்திரசேகர். இருவரும் தமிழர். இனக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. யாருக்கு எந்த வலை, எந்தக் கடலில், எத்தனை நாள் என்று பார்த்தால் எல்லாம் தெரியும்.

நம் கரைக்கு அந்தப் பார்வை புதிதும் இல்லை. 70களில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வெட்டுக்குத்து வரை போன பிறகு, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று கடலை நாள் கணக்கில் பங்கு போட்டுக்கொண்டோம். மீறுகிறவர்கள் உண்டு, புகார் உண்டு. ஆனாலும் அரை நூற்றாண்டாக அந்த ஏற்பாடு நிற்கிறது. 2010ல் இரு கரை மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து இதே மாதிரி நாள் கணக்கு வைத்து ஒரு உடன்பாடு எழுதினார்கள். இரண்டு அரசாங்கமும் அதை ஏற்கவில்லை.

போன மாதம் பாம்பனில் ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வேப்பமர நிழலில் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணி முடிந்துகொண்டிருந்தார். நெடுந்தீவு மீனவர்கள் நம் படகுகளை எதிர்த்துப் போராட்டம் நடத்துவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னார்: "அவன் வலை எப்படி அறுந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்ல வேணாம். இது எதுல அறுந்துச்சுன்னு நெனைக்கிற? அதே மடிலதான்." வலையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். ஆள் நுழைகிற அகலத்துக்குக் கிழிந்திருந்தது.